என் வீட்டுக்காரர் விரலை உடைத்துக்கொண்ட கதை

வெதுருகுப்பம் பக்கம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த நாங்கள், ரேணிகுண்டாவைச் சுற்றிப் புதுக் கம்பெனிகள் வந்த காலத்தில் அங்கே குடிபோனோம். என் வீட்டுக்காரருக்கு இரும்புத் தகட்டைப் பெட்டி மூடியாக அழுத்தும் பிரஸ்ஸில் வேலை கிடைத்தது.

ஒருநாள் மத்தியானம் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். மோதிர விரல் எலும்பு உடைந்திருந்தது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். என் அப்பா விடவில்லை.

"எலும்புன்னா புத்தூருதான். வேற பேச்சே இல்ல."

புத்தூரில் எலும்பு வைத்தியர் கட்டிய கட்டு பனங்காய் அளவு இருந்தது. இவர் புது மாப்பிள்ளைபோல் கட்டிலில் சாய்ந்துகொள்ள, நான் சோறு ஊட்டினேன்.

பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கொரு கதை சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியிடம், மிஷின் தானாக இறங்கியது என்றார். அப்பாவிடம், கரண்ட் போய்ப் போய் வந்தது என்றார். என் அத்தையிடமோ, கூட வேலை செய்பவரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றும்போது அடிபட்டது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு முட்டை பொரித்து ஊட்டினேன்.

அந்தக் கூட வேலை செய்பவரே ஒருநாள் வந்தார். பலமனேர்க்காரர், தெலுங்குக்காரர்; அண்ணி முறை வைத்து என்னை 'வதினா' என்பார். ஒரு பை தக்காளி கொண்டுவந்திருந்தார்.

"உங்களத்தான தள்ளிவுட்டுக் காப்பாத்தினாரு?" என்றேன்.

"என்னியா? நான் அப்ப டீ குடிச்சிக்கினு இருந்தேன் வதினா!"

பிறகு உண்மையைச் சொன்னார். "ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன் அமுக்கினாத்தான் பிரஸ் எறங்கும். கை உள்ள போகக் கூடாதுன்னுதான் அது. இவரு வேகமா நெறைய மூடி அடிக்கலாம்னு ஒரு பட்டன்ல அட்டைய மடிச்சி சொருகிட்டு, ஒத்தக் கையில ஓட்டினாரு, தகடு வெச்ச இன்னொரு கை உள்ள மாட்டிக்கிச்சி."

கட்டிலில் இருந்தவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். குறட்டை மட்டும் வரவில்லை.

வந்தவர் போனதும், "இன்னாய்யா, கைய வுட மூடி பெருசா?" என்றேன்.

"எல்லாரும் அப்டித்தாம்மே சொருகுறாங்க."

"எல்லாருக்கும் நானே சோறு ஊட்டணுமா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழுக் கையும் உள்ளே போயிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. தக்காளிப் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அவர் எழுந்து வந்து, நல்ல கையால் என் தோளைத் தொட்டார். "இனிமே சொருக மாட்டம்மே."

கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் விரல் மடங்கவில்லை. மறுபடி வேலைக்குப் போனார். அங்கே யாராவது பொத்தானில் அட்டை சொருகினால் இவரே பிடுங்கிப் போட்டுச் சத்தம் போடுகிறாராம். கையை ஆட்டித் திட்டும்போது மற்ற விரல்கள் மடங்க, அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்குமாம். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்ததும் எதிர்த்துப் பேசுவதில்லையாம்.