முப்பத்தொன்றாம் எண் செடி

போன வாரம் மருமகள் ஒரு அட்டைப்பெட்டி வாங்கிவந்தாள். பச்சைத் தேயிலையாம். இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது என்று பெட்டியின் பின்பக்கத்தில் போட்டிருந்ததையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, வெந்நீரில் ஒரு சிறு பொட்டலத்தைத் தொங்கவிட்டு நீட்டினாள். வாயருகே கொண்டுபோன நான் அப்படியே கீழே வைத்துவிட்டேன். கசக்கிய இலையும் ஈர வைக்கோலும் கலந்ததுபோல ஒரு வாசனை. அதை நான் ஒரே ஒரு தடவை, சுதந்திரத்துக்கு முந்தைய கோடையில், என் அடுப்பிலேயே முகர்ந்திருக்கிறேன்.

அப்போது அரியலூரில், கல்லங்குறிச்சி போகும் சாலையில் இருந்த பெண்கள் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். டீச்சர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் எனக்கே நாக்கு தடுக்கும். ஐந்தாம் வகுப்புக்கு சலேத்து. வரதராசன்பேட்டைக்காரி, என் வயதுதான். பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் அவளுக்கு ஓர் அறை, எனக்கும் அப்பாவுக்கும் ஓர் அறை. அம்மா இறந்தபின் உடையார்பாளையத்தில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அப்பா என்னோடு வந்திருந்தார்.

சலேத்தின் மாமா மகன் மலையில் ஒரு தேயிலை ஆராய்ச்சித் தோட்டத்தில் வேலை பார்த்தார். அவர் ஒருமுறை ரயில் பார்சலில் ஒரு தகர டப்பா அனுப்பினார். திறந்தால் உள்ளே ஈரமான கரித்தூள். கை விட்டுத் துழாவியவள் பூந்திக்கொட்டை மாதிரி நாற்பது விதைகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பள்ளிக்குக் கட்டும் என் வெள்ளைப் புடவையில் பட்ட கரி கடைசிவரை போகவில்லை.

"இது இந்த ஊருல பொழைக்குமா?" என்றேன்.

"பொழைக்காதுன்னுதான் அங்க எல்லாரும் சொல்றாங்களாம். அதான் போட்டுப் பாக்கணும்."

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். எங்கள் ஊர் மண்ணோ சுண்ணாம்பு. உழுதால் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் மேலே வரும். ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைக்கும். இதை சலேத்து வகுப்பில் செய்து காட்ட, பிள்ளைகள் பள்ளி வளாகம் முழுக்கச் செய்து பார்த்து, தலைமையாசிரியை வீட்டு எலுமிச்சை மரத்தை மொட்டையடித்துவிட்டார்கள்.

"தேயிலைப் பூவுக்கு அதே செடியோட மகரந்தம் சேராது. வேற செடியோடது வேணும். அதனால ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணம். நாப்பதுல ஒண்ணு சுண்ணாம்பைத் தாங்குற குணத்தோட பொறந்திருக்கலாம்ல?" என்பாள்.

"நீ பொண்ணு பாக்குற மாதிரில்ல பேசுற."

கிணற்றடிக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, விதைக்கு ஒரு குச்சி நட்டு, எண் எழுதினோம். ஒரு நோட்டில் தினமும் குறிப்பு. 'செடி வாட்டமாக இருக்கிறது, பாவம்' என்று நான் ஒருநாள் எழுதியதை அவள் அடித்தாள். "பாத்ததை எழுது. பாவமெல்லாம் வேணாம்." இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, ஒவ்வொன்றாகச் செத்தன. இரண்டாம் கோடை முடிந்தபோது மிஞ்சியது முப்பத்தொன்றாம் எண் செடி மட்டும். முழங்கால் உயரம். பச்சையென்றால் அப்படியொரு பச்சை.

அதன் விதையை நட்டால் அதன் குணம் வராது, கிளையை வெட்டி வேர்விடச் செய்தால்தான் அதே செடி வரும் என்று மாமா மகன் எழுதியிருந்தார். தண்டு முற்றட்டும், அடுத்த கோடையும் போய் மழை விழுந்ததும் வெட்டி மலைக்கு அனுப்பலாம் என்று சலேத்து காத்திருந்தாள். இலையில் என்னென்ன மருந்து இருக்கிறது என்றும் அங்கே பார்க்கிறார்களாம். வயிற்றுப்போக்குக்குக் கூலிக்காரர்கள் பச்சையிலையைக் காய்ச்சிக் குடிப்பார்களாம். இதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள்.

மூன்றாம் கோடையில், மே மாத விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனாள். "ரெண்டு வேளையும் தண்ணி ஊத்து. வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன நாலாம் நாள் அப்பாவுக்குச் சீதபேதி. ஆஸ்பத்திரி டாக்டர் ஊரில் இல்லை. வைத்தியர் கொடுத்த சூரணம் வயிற்றில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பாவின் கண் குழிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை. எனக்கு அந்தச் செடி ஞாபகம் வந்தது. கொழுந்து மட்டும் கிள்ளலாம் என்றுதான் போனேன். போதுமோ போதாதோ என்ற பயத்தில் முற்றலையும் பறித்தேன். மறுநாள் மிச்ச இலைக்காகக் கிளையையே ஒடித்தேன். உப்புப் போட்டுக் காய்ச்சி, கரண்டி கரண்டியாக ஊற்றினேன். ஊற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் அப்பா எழுந்து கஞ்சி கேட்டார். இலையா, உப்புத் தண்ணீரா, தானாகவே நின்றதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தனை நாளும் செடிக்கு ஒரு குடம் தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை என்பது மட்டும் தெரியும்.

சலேத்து வந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே ஓடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்பா இப்ப எப்புடி இருக்காரு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"நல்லா இருக்காரு."

குனிந்து நகத்தால் தண்டைச் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. "எல போனாலும் துளுத்திருக்கும். தண்ணி இல்லாமதான் போயிருக்கு" என்றாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, "கடையில டீத்தூளு இருந்திருக்குமேடி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு மாதம் அந்தக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு, மலைக்கு அனுப்பவேண்டிய அந்த நோட்டில் எழுதினாள்: '31. கோடை வெயிலில் பட்டுப்போனது.'

"அப்புடி இல்லையே சலேத்து."

"அங்க நாலு பேரு படிப்பாங்க. உன் பேரை நான் எப்புடி எழுதுவேன்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றும் கூசுகிறது. மலையிலிருந்து பதில் வந்தது. அந்த வெயிலைத் தாங்கும் செடி இல்லை என்று தெரிகிறது, இனி விதை அனுப்புவதற்கில்லை என்று. முப்பத்தொன்று இரண்டு கோடை தாண்டிய செடி. நடந்ததை எழுதி நான் ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். கார்டு வாங்கினேன், விலாசமும் எழுதினேன். போடவில்லை.

அடுத்த வருஷம் அவள் ஏலாக்குறிச்சிப் பக்கம் மாற்றலாகிப் போனாள். எனக்குப் பெரம்பலூரில் கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அதுவும் எப்போதோ நின்றுபோனது.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இன்று சுண்ணாம்புக்கல் சுரங்கம். பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பள்ளமும் லாரிகளும்தான். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடக் கணிக்க முடியவில்லை. போன மாசியில், மனசு கேளாமல் வரதராசன்பேட்டைக்குப் போனேன். சலேத்து இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை தம்பி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். தம்பி மகன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

"அத்தை செடியெல்லாம் நல்லா வளப்பாங்களே" என்றேன்.

"எங்க அத்தையா? ஒரு ரோசாச் செடிகூட வச்சதில்லைங்க. நாங்க வாங்கியாந்தாலும் வேணாம்னுடுவாங்க."

வெளியே வந்து பார்த்தேன். வாசல் முழுக்க சிமெண்டு பூசியிருந்தது.