கோப்புக் காட்சி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குச் ‘சிரிப்பக்கா’ என்ற பெயர் வந்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. ரோலர் ஓடும் அறையில் சிரித்தாலும் யாருக்குக் கேட்கப் போகிறது? ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். ஒரு முனையில் அவள், மறு முனையில் அவளுடைய கூட்டாளி. அவர்கள் இருவரும் கண்ணாலேயே பேசிப் பழகிப்போனவர்கள்.

அந்த வருஷம் நகரத்தின் நடுவே, வங்கிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் ஜனங்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். இருக்கிறவன் மேலே மேலே போகிறான், உழைக்கிறவன் இருந்த இடத்திலேயே தேய்கிறான் என்பதுதான் அவர்களுடைய பேச்சின் சாரம். வேலை முடிந்த ஒரு நாள் கூட்டாளி கையைப் பிடித்து இழுக்க, இவளும் போனாள். போராட்டம் என்று அவள் போனது அதுதான் முதல் தடவை.

அங்கே மைக்கோடு ஒரு பெண் வந்தாள். பேட்டி எடுக்கிறவள், மகள் வயதுதான் இருக்கும். எதற்காக வந்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். எங்கிருந்து வந்ததோ, இவளுக்குப் பேச்சு கோர்வையாக வந்தது. ஆஸ்பத்திரியில் பளிங்கு போட்டுப் புதுக் கட்டடம் கட்டியதையும், ரோலரின் தடுப்புக் கம்பி உடைந்து கிடப்பதையும், அதில் கூட்டாளியின் மணிக்கட்டு வெந்ததையும் சொன்னாள். வாடகை ஏறிய கதையைச் சொன்னாள். கடைசியில், “நாங்க யாரையும் ஏச வரலம்மா. நாங்க வெளுத்துக் குடுக்கிற விரிப்புல, ஒடம்புக்கு வந்தா நாங்க படுக்க முடியல. அதைக் கேக்கத்தான் வந்தோம்” என்றாள். ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள் என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் மேடைப் பக்கம் ஒரு சத்தம். ‘நாம் எழுந்தால் தடுக்க ஆளில்லை’ என்று முழங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், முழங்கி முடித்து உட்கார்ந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்து தரைக்குப் போய்விட்டார். அவரே முதலில் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. கையில் யாரோ கொடுத்த பிஸ்கட்டோடு இவளும் சிரித்தாள். கேமரா இன்னும் இவள் பக்கமே திரும்பியிருந்தது.

மறுநாள் சாயங்காலச் செய்தியில் அவள் வந்தாள். பிஸ்கட்டும் கையுமாகச் சிரித்தாள், அவ்வளவுதான். பின்னணியில் ஒரு குரல், சதுக்கத்தில் சுற்றுலாக் களை கட்டியிருப்பதாகவும், என்ன கேட்கிறோம் என்று வந்தவர்களுக்கே தெரியவில்லை என்றும் சொன்னது. அடுத்து, கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து பொருளாதாரத்தை அலசினார்கள்.

அவளுடைய கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். எதையும் நிதானமாகப் பேசுவார். “அவ்வளவு பேசினேன்னு சொன்ன. பல்லை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுத்துட்டாங்களே” என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மேற்பார்வையாளர், பிக்னிக் எப்படி இருந்தது என்று கேட்டார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சதுக்கத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்தவர்களில் சிலர், உன் ஒருத்தியால் நம் எல்லார் பேரும் கெட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னதுதான் தாங்கவில்லை. அவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நாளில் போலீஸ் வந்து சதுக்கத்தைக் காலி செய்தது.

அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தாள். பஸ் தொழிலாளர்கள் ஊர்வலம் போனபோது டிவியில் அவள் சிரித்தாள். வேறெங்கோ வரியை எதிர்த்துக் கடையடைப்பு நடந்தபோதும் சிரித்தாள். அவள் கால் படாத ஊர்ப் போராட்டத்திலெல்லாம் அவள் பிஸ்கட் தின்றாள். மூலையில் எறும்பு ஊர்வதுபோல, பழைய படம் என்பதற்கு அடையாளமாக ‘கோப்புக் காட்சி’ என்று எழுதியிருக்கும். யார் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிக்கப் போகிறார்கள்?

ஒரு விடியலில் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

“அண்ணன் போனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல அண்ணி. உங்களுக்கு அதுக்குள்ள ஊர்வலத்துல நின்னு சிரிப்பு வருதா?”

அது பழைய படம் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். டிவிக்காரன் எதற்குப் பழசைப் புதுசென்று காட்டப் போகிறான் என்று கேட்டுவிட்டு நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவள் விடுப்புப் போட்டுவிட்டு அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனாள். வரவேற்பில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் பழைய காட்சிகளைப் பாதுகாக்கும் அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே ஒரே குளிர். ஸ்வெட்டர் போட்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது; அவர் முகம் சங்கடப்பட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கணினியில் ‘போராட்டம்’ என்று அடித்துக் காட்டினார். முதலில் வந்தது அவள்தான். ‘போராட்டம், பெண், சிரிப்பு’ என்று பேர் போட்டிருந்தது.

“செய்திக்கு நேரமாயிடும். சம்பளம், வாடகைன்னு யாராவது பேசினா அதை வெட்டணும், ஒட்டணும், மேல கேக்கணும். சிரிப்புக்கு அதெல்லாம் வேண்டாம்மா. கைக்கு வந்ததைப் போட்டுடுவாங்க” என்றார் அவர்.

“நான் பேசினது எங்க இருக்கு?”

“ஒளிபரப்பானதை மட்டும்தான் வெச்சுக்குவோம். மிச்சத்தை அந்த வாரமே அழிச்சிருப்பாங்க.”

அப்படி என்னதான் பேசினீர்கள் என்று அவர் மெதுவாகக் கேட்டார். சொல்ல வாயெடுத்தாள். ரோலர், வாடகை என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு வந்த கோர்வை வரவில்லை. விடுங்கள் என்று எழுந்துவிட்டாள். தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொல்லி அவர் வாசல்வரை வந்தார். தனக்கும் சம்பளம் ஏறி வெகுகாலம் ஆயிற்று என்று போகிற போக்கில் சொன்னார்.

அவர் வாக்குத் தவறவில்லை. அடுத்த தடவை அதே சதுக்கம், அதே பிஸ்கட். முகத்தை மட்டும் கலங்கலாக்கி மறைத்திருந்தார்கள். அன்றைக்கே நாத்தனார் பதறிப்போய்க் கூப்பிட்டாள். மூஞ்சியை மறைக்கிற அளவுக்கு அண்ணி என்ன குற்றம் செய்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. விளக்கம் சொல்ல இவளுக்குத் தெம்பில்லை. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து ஆஸ்பத்திரி நிர்வாகம் சலவைக்கூடத்தை ஒப்பந்தக்காரரிடம் விடப்போவதாக அறிவித்தது. சலவைக்காரர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்தார்கள். கேமராக்கள் வந்ததும் கூட்டாளி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“தப்பா எடுத்துக்காத. நீ பின்வரிசைல உக்காந்துக்கிறியா?”

இவள் எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள் சொன்னால், அதற்கு மேல் என்ன இருக்கிறது? கூட்டாளியே முன்னால் நின்று நிறையப் பேசினாள். சாயங்காலச் செய்தியில் அவள் வரவில்லை. வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் வேகம் குறைத்ததுதான் வந்தது. நோயாளிகளின் வழியை மறித்துப் போராட்டம் என்றார்கள்.

அதைப் பார்த்துவிட்டு மறுநாள் நாத்தனார் பஸ் பிடித்து நேரே வந்துவிட்டாள். அண்ணன் பேரைக் கெடுக்கிறீர்களே என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தாள். வந்து வாசலைப் பார்த்தாள். கிழிந்த விரிப்புகளைக் கயிறாக முறுக்கி, ஆம்புலன்ஸ் போகவென்று ஒரு பாதை கட்டியிருந்தார்கள். அவள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வண்டி தடையில்லாமல் உள்ளே போயிற்று. கயிற்றோரம் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

“டிவியில வேற மாதிரியில்ல சொன்னாங்க” என்றாள் நாத்தனார்.

இவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். திட்ட வந்தவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

முடிவில் பாதிப் பேரை நிர்வாகம் வைத்துக்கொண்டது; மீதிப் பேரை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டார். கூட்டாளி அந்தப் பக்கம் போனாள், இவள் இந்தப் பக்கம் தங்கினாள். மடிப்பு மேஜையில் வேலை. முழங்கால் வலித்தால் ஸ்டூலில் உட்கார்ந்து தலையணை உறை மடிக்கலாம்.

நாத்தனார் இப்போது மாதம் ஒரு தடவையாவது வந்து இரண்டு நாள் தங்குகிறாள். வந்ததும் டிவியைப் போடுவாள். எங்கேயாவது யாராவது கொடி பிடித்து நின்றால், இவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்ல அண்ணி என்பாள். அந்த ஆஸ்பத்திரி வாசல் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அவள் டிவி சொன்னபடியேதான் நம்புகிறாள். இவள் காலை நீட்டிக்கொண்டு, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள்.