தையல்காரி போட்ட ஜல்லிக் கணக்கு

அக்கா துணி வெட்டினால் கைக்குட்டை அளவுகூட மிஞ்சாது. பதினாறு வயதில் மிஷினில் உட்கார்ந்தவள். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோதும் அதே பின்னறையில், அதே முதுகுவலியோடு உட்கார்ந்திருந்தாள். அத்தான் வேலைக்குப் போவதைவிட வேலை தேடிப் போவதே அதிகம். அவள் தைக்கும் பள்ளிக்கூடச் சீருடையில்தான் வீடு ஓடியது.

மழை பெய்தால் பின்னறைக்குள் தண்ணீர் கசியும். போன மழையில் சீருடைத் துணி நனைந்து சாயம் இறங்கிவிட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் பின்சுவர் ஓரமாகப் பள்ளம் வெட்டி, துளை போட்ட குழாய் பதித்து, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்ப முடிவு செய்தாள். தையல் டேப்பாலேயே அளந்தாள். நாற்பதடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி ஆழம்: அறுபது கன அடி. குழாய் அடைக்கும் இடத்தையும் கழித்து ஐம்பத்தாறரை என்றாள்.

"கொஞ்சம் கூடவே சொல்லுங்கம்மா," என்றார் கொத்தனார். "குத்தக் குத்த கல்லு உக்காரும். பள்ளமும் நீங்க வெட்டுற துணி மாதிரி நேரா இருக்காது."

"மிஞ்சினா உங்க வீட்டுக்கு அள்ளிட்டுப் போவீங்களா?"

"எனக்கெதுக்கும்மா? என் சம்சாரம் சோத்துலயே தினம் போடுறா."

அத்தான் சிரித்தார். "விடுய்யா, அவ கணக்கு பிசகாது. என் சட்டையில பாக்கெட் வைக்கக்கூட துணி மிச்சம் விடமாட்டா."

"வச்சா மட்டும் அதுல போட என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

ஜல்லி வந்தது. லாரி தெருப்பக்கம் கொட்டியதால் அங்கிருந்தே நிரப்பிக் குத்திக்கொண்டு வந்தார்கள். பின்னறை மூலைக்கு ஐந்தடி இருக்கும்போது கல் தீர்ந்துவிட்டது. அக்கா டேப்பை எடுத்து வெறும் பள்ளத்தை மறுபடியும் அளந்தாள். அவ்வளவு கொஞ்சத்துக்கு வண்டி வராது, அந்தப் பக்கம் வேறு லோடு இருந்தால் பார்க்கலாம் என்றான் லாரிக்காரன்.

மழை அவனுக்கு முன்னால் வந்தது. திறந்து கிடந்த பள்ளத்தின் கரை சரிந்து குழாய் வாயைச் சேறு அடைத்தது. முன்பு கசிந்த தண்ணீர் இப்போது பாய்ந்தது. செங்கல்மேல் பலகை போட்டு அடுக்கியிருந்த சீருடைகளை நாங்கள் தூக்குவதற்குள் பாதி நனைந்துவிட்டன.

"நீதான் உலகமெல்லாம் சுத்தினவளாச்சே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?" என்றாள் அக்கா.

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்."

பள்ளியிலிருந்து ஆள் வந்து, நனையாத துணிகளை எண்ணி எடுத்துப் போனார். குறைபட்ட ஜல்லி அதற்கடுத்த வாரம் வந்தது; சேற்றை அள்ளிவிட்டு மிச்சப் பள்ளத்தையும் நிரப்பினார்கள். அக்கா இப்போது பஸ் பிடித்து ஒரு கம்பெனிக்குப் போய்ப் பொத்தான் தைக்கிறாள். வெட்டுவது வேறு ஆட்கள். பின்னறையில் பிறகு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அத்தான் தன் பைக்கை அங்கே நிறுத்துகிறார்.