மாப்ள மறந்துக்கிட்டு இருந்தான்

பத்தாவதுல கணக்குதான் எங்க ரெண்டு பேரையும் கவுத்துச்சு. நானும், மாப்ளன்னு நான் கூப்பிடுற என் கூட்டாளியும் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். சாயங்காலம் திருத்தங்கல்ல ஒரு டீச்சர்ட்ட டியூசன். அங்க எல்லாம் செல்லுல ஒரு ஆப்புதான். கணக்கு குடுக்கும், போடணும். நமக்கு எது வரும், எது வராதுன்னு அது நினைக்கிறத நாமளே தொறந்து பாக்கலாம், டீச்சரும் பாப்பாக. வந்ததுக்குப் பச்சைக் கோடு நீளமா நிக்கும். கொஞ்ச நாள் போடாம விட்டா, மறந்துட்டான்னு நினைச்சு அதுவே கோட்டைக் குறைச்சுரும்.

மாப்ள ஆமை மாதிரி மெதுவாப் போடுவான். அவனுக்குச் சிவப்புல வந்துச்சு: 'எண்ணை மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறக்கிறார்.'

"மறக்கிறாராம்ல! ஒங்காத்தாகூட ஒனக்கு இம்புட்டு மரியாதை குடுத்ததில்லலே."

"ஒனக்கு என்ன போட்டிருக்கு, காட்டுலே."

எனக்கு 'அவசரப்படுகிறார்.' டீச்சரே சிரிச்சுட்டாக.

கம்பெனிக்குள்ள செல்லு ஆகாது. கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவாக. மருந்து ரூம் வெடிச்ச அன்னைக்கு நான் லீவு. மாப்ள அந்த ரூம்லதான் இருந்தான். செல்லு மட்டும் கேட்டுலருந்து ஒரு கீறல் இல்லாம வீட்டுக்கு வந்துச்சு.

"நீயே வச்சுக்கய்யா. தொடவே பயமா இருக்கு"ன்னு அவன் அம்மா என் கையில குடுத்துட்டாக.

காரியம் முடிஞ்சு அவன் செல்லுல ஆப்பைத் தொறந்தேன். மாப்ள இருந்தான். ஆனா கோடெல்லாம் குட்டையாயிருந்துச்சு. மறுநாள் இன்னும் குட்டை. செத்தவன் மறந்துக்கிட்டு இருந்தான்.

டீச்சர்ட்ட கேட்டேன். "எல்லாக் கோடும் தீந்துட்டா அதுவே பேரை எடுத்துரும்பா"ன்னாக.

எடுக்க விட்ருவமா? பஸ்ல போறப்ப அவன் செல்லுல நான் கணக்கு போட்டேன். என் இஷ்டத்துக்குப் போட்டா அது நானால்ல ஆயிரும்? அதனால அவன மாதிரியே, மெதுவா, மத்ததெல்லாம் சரியா, குறியை மட்டும் மாத்தாமப் போட்டேன். கோடு எந்திரிச்சு நின்னுச்சு. கீழ அதே சிவப்பு எழுத்து.

ஒருநாள் டீச்சர் கூப்பிட்டாக. மூஞ்சி வெளுத்திருந்துச்சு. "இங்கன வா. அவன் கோடு ஏறுதுப்பா. தப்புகூட அவன் தப்புதான்."

"ஆவியே கணக்கு போடுதுன்னா பாஸாக்கி விட்ருங்க டீச்சர்."

அவுக சிரிக்கல. நான் அவன் செல்லை எடுத்துக் காட்டினேன். அவுக திட்டவும் இல்ல. அவுக செல்லுல என் பேரைத் தொறந்தாக. 'அவசரப்படுகிறார்' காணோம். அந்த எடத்துல: 'குறியை மாற்ற மறக்கிறார்.'

"என் செல்லுல நான் சரியாத்தான் போடுறேன் டீச்சர்."

"எங்க, இதப் போடு."

பேப்பர்ல போட்டுக் காட்டினேன். சரியாத்தான் தெரிஞ்சுச்சு. அவுக விரலை வச்ச எடத்துல குறி மாறாம நின்னுச்சு. 

"பரீட்சை வருதுப்பா. அவனை விட்ரு."

விட்டேன். ஆனா அப்படியே விடல. பஸ்ல அவன் செல்லுல ஒவ்வொரு கணக்கா, குறியை மாத்தி மாத்திப் போட்டேன். "பாருலே, இம்புட்டுத்தான்"னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேன். சிவப்பு போச்சு. 'கற்றுக்கொண்டார்'னு வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தச் செல்லை நான் தொறக்கல. கோடெல்லாம் தீந்து, டீச்சர் செல்லுலருந்து அவன் பேரும் போச்சு.

எனக்கும் சிவப்பு போயிருச்சு, பரீட்சையும் பாஸ். அந்த 'அவசரப்படுகிறார்' மட்டும் திரும்பி வரவே இல்ல. இப்பவும் ஒரு கணக்குன்னு உக்காந்தா, என் கை மெதுவாத்தான் போகுது.