எழுந்திருக்காத அத்தை

எட்டு வயதில் மூன்று மாதம் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முன்பு வாயாடி என்று பெயர் வாங்கியவள். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவ எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும்தான் டீச்சர் அனுப்புவார். என் முறை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய அன்று, பெஞ்சு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது. அன்றைக்கு மூடிய வாய். காரணம் தெரியாத வீட்டார் வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். பேயும் என்னைப் போலவே வாய் திறக்கவில்லை.

அப்பாவின் தங்கை வேடசந்தூரில் நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த அத்தைதான் லீவு போட்டு என்னைத் திண்டுக்கல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் எந்த ஊர் என்றார், பிறகு எந்தத் தெரு என்றார். அத்தை சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தி மந்தமாகத்தான் இருக்கும், டானிக் வாங்கிக் கொடு என்று சொல்லி, அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

பெரிய மனிதர்கள் முன்னால் எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதுவரை நின்றுகொண்டிருந்த அத்தை, மணி அடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இவ வாய மூட முடியாது சார். எதுனால பேச்சு நின்னுச்சுன்னு நீங்க இன்னும் கேக்கலையே."

டாக்டர் கத்தப்போகிறார் என்று பயந்துவிட்டேன். அடுத்த ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டார். அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரி அத்த, போவோம்."

மூன்று மாதத்தில் என் முதல் பேச்சு அதுதான். டாக்டர் சிரித்துவிட்டார். பேசுகிறாளே, இனி என்ன வியாதி என்றார். அத்தையின் கட்சியை நானே தோற்கடித்துவிட்டேன்.

அவள் அசையவில்லை. "பயந்துபோயி பேசுறா சார். மனசப் பாக்குற டாக்டருக்குச் சீட்டு எழுதிக் குடுங்க, எந்திரிச்சிர்றேன்."

தொல்லை விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டரம்மா தெருவைக் கேட்கவில்லை. தாளும் கலர் பென்சிலும் தந்தார். வாளியும் விளக்குமாறும் வரைந்தேன். நாலைந்து வாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாளே அத்தை பள்ளிக்கூடம் போய், ஹெட்மாஸ்டர் எதிரிலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாளாம். அவளைப் போல ஒரு தைரியசாலியை இன்றுவரை நான் கண்டதில்லை.

ஆனால் சீட்டு வாங்கிய அன்று, பஸ்ஸில் வழியெல்லாம் அவள் அழுதாள். நான் பேசிவிட்ட சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவளை இன்னும் சந்தோஷப்படுத்த, ஊர் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"எந்திரி அத்த, போவோம்."