பெரியம்மா பார்த்த நீர்மூழ்கி

எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தால் பாதி மேசைகளில் சுரங்கம்தான் இருக்கும். அட்டையில் செய்த வெட்டு இயந்திரம், களிமண்ணில் தோண்டிய பள்ளம், பழுப்பு நிலக்கரிக்குப் பதிலாக அடுப்புக்கரி. நெய்வேலியில் யார் வீட்டு அப்பாவும் சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோதான் வேலை பார்த்தார் என்பதால், வீட்டில் வாய் திறந்து கேட்டாலே மாடல் பாதி முடிந்துவிடும். ஷிப்டில் அன்றாடம் பார்ப்பதையே அட்டையில் இன்னொரு முறை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள் பெரியவர்கள். பத்தாம் வகுப்பில் இருந்த என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. இந்த வருஷம் நீர்மூழ்கிக் கப்பல் செய்யப்போவதாக அவன் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“வேற ஏதாச்சும் செய்யேன்டா. பக்கத்து வூட்டு அக்கா கண்ணுல பட்டா என்னா ஆவறது?”

பக்கத்து வீட்டு அக்கா என்று அம்மா சொன்னவளை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட்டோம். உறவு ஒன்றும் கிடையாது. நாங்கள் முத்தாண்டிக்குப்பத்துக்காரர்கள், அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் மாட்டிய படம் ஆடும். அவர்களுக்கு ஒரே பிள்ளை. கடற்படையில் சேர்ந்திருந்தான். விடுமுறையில் வரும்போது பிளாக்கில் உள்ள சிறுசுகள் எல்லாம் அவனுடைய வெள்ளைத் தொப்பியைப் போட்டுப் பார்க்க வரிசை கட்டி நிற்போம். எனக்குத் தொப்பி மூக்குவரை இறங்கிவிடும்.

எழுபத்தொன்றில் நடந்த போரில், மேற்குக் கடலில், எதிரியின் நீர்மூழ்கி ஒன்று அவன் இருந்த கப்பலை அடித்து மூழ்கடித்தது. கப்பலோடு போனவர்களில் அவனும் ஒருவன். உடல் வரவில்லை. படத்தை வைத்துத்தான் காரியம் செய்தார்கள். அதன் பிறகு அவள் வீட்டுக்காரர், எங்களுக்குப் பெரியப்பா, வேலைக்குப் போனார், வந்தார், ரேடியோவை மட்டும் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். பிள்ளையின் பேச்சை அவர் எடுப்பதே இல்லை. பெரியம்மாவும் எடுக்கவில்லை. ஒருவருக்காக ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அம்மா எங்களிடம் சொல்வாள்.

அப்பா என்ன சொல்லுவாரோ என்று அண்ணன் பயந்தான். சுரங்கத்தில் பம்ப் பகுதியில் வேலை பார்த்த அவர், நிலக்கரிக்கு அடியில் கிடக்கும் தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர். அந்தத் தண்ணீர் கீழேயிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம். பம்புகள் ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடுமாம். தண்ணீரின் பலத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குப் பெருமைதான். “செய். ஆனா தோட்டத்துலயே வச்சிக்க. வாசப்பக்கம் எடுத்துக்கினு வராத” என்று அனுமதி கொடுத்தார்.

அண்ணனுடைய நீர்மூழ்கி உண்மையில் ஒரு டானிக் பாட்டில். படுக்க வைத்த பாட்டிலின் வயிற்றில், அப்பா யாரிடமோ கொடுத்து இரண்டு துளை போட்டு வாங்கி வந்தார். கனத்துக்கு இரும்பு நட்டுகளைக் கட்டினோம். வாயை ரப்பர் மூடியால் அடைத்து அதில் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் ட்யூபைச் செருகினோம். ட்யூபின் மறுமுனையை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சினால் துளை வழியே தண்ணீர் உள்ளே ஏறும், பாட்டில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் அடிக்குப் போகும். ஊதினால் தண்ணீர் வெளியே தள்ளப்படும், பாட்டில் எழும்பும். நிஜக் கப்பலிலும் இதே கதைதான் என்றான் அண்ணன். அதன் விலாவில் பெரிய பெரிய தொட்டிகள் இருக்கும். தண்ணீரை நிரப்பினால் முங்கும், அழுத்தி வைத்திருக்கும் காற்றைத் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியேறி மேலே வரும். மேலே இருக்கும்போது டீசல் என்ஜினில் ஓடி பேட்டரிகளைச் சார்ஜ் செய்துகொள்ளும். முங்கிய பிறகு என்ஜினுக்குக் காற்று ஏது? பேட்டரியில்தான் ஓடும். மெதுவாக, சத்தமில்லாமல்.

தங்கையான நான் அவனுக்கு உதவியாள் என்று அவன் சொன்னான். உறிஞ்சுகிற வேலை என்னுடையது, ஊதுகிற வேலை அவனுடையது. உறிஞ்சும்போது சில சமயம் தொட்டித் தண்ணீர் வாய்க்கு வந்துவிடும் என்பதை அவன் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம், அம்மா பண்ருட்டிக்குப் போயிருந்தாள். பெரியம்மா எங்கள் வீட்டில் வாங்கிப் போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தோட்டத்துப் பக்கமாகவே வந்துவிட்டாள். அண்ணன் பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே கையை வைத்து மறைத்தான். கையை எடுக்காமலே சிரித்தான்.

“என்னத்தச் செய்யுதிய பிள்ளைகளா?”

“மீன் வளக்கறோம் பெரியம்மா.”

“மீனுக்கு எதுக்குல ட்யூபு?”

நான் சொல்லிவிட்டேன், நீர்மூழ்கிக் கப்பல் என்று. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அப்பாவின் பெல்ட் அடி எல்லாம் இருந்தது. பெரியம்மா கிண்ணத்தைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள்.

“இதுதானா அது?” என்றாள். “நான் என்னமோ திமிங்கிலம் கணக்கா இருக்கும்னுல்லா நெனச்சேன். எப்படி முங்கும்? காட்டுல.”

நான் உறிஞ்சினேன். பாட்டில் முன்பக்கம் தாழ்ந்து, சாய்ந்து, பாசி பிடித்த அடித்தரையில் போய்ப் படுத்தது. பெரியம்மா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அத்தனை வருஷமும் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்தவை என்று இப்போது தெரிகிறது. அன்று, கண்காட்சிக்கு வரும் நடுவர்கூட இத்தனை கேட்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளே ஆள் இருப்பார்களா? அவர்களுக்கு மேலே போகிற கப்பல் தெரியுமா? கப்பலில் இருப்பவர்களுக்கு இது தெரியுமா?

தரையோடு கிடக்கும்போது கண் தெரியாது, காதுதான் என்றான் அண்ணன். மேலே ஓடுகிற கப்பலின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுத் திசை கண்டுபிடிப்பார்கள். தங்கள் சத்தம் வெளியே போகாமல் இருக்க உள்ளே ஒருவரோடொருவர் பேசக்கூட மாட்டார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் கொஞ்சம் எழும்பி, பெரிஸ்கோப் குழாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பார்ப்பார்கள்.

சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்திவிட்டான். எதைப் பார்ப்பார்கள் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

“அதையும் காட்டு” என்றாள் பெரியம்மா.

அட்டைக் குழாயில் அப்பாவின் உடைந்த சவரக் கண்ணாடித் துண்டுகள் இரண்டைச் சாய்த்து ஒட்டி அதைச் செய்திருந்தோம். பெரியம்மா கல்லில் உட்கார்ந்தபடியே அதை வாங்கி, மேல்முனையை நடுச்சுவருக்கு மேலே நீட்டிக் கண்ணை வைத்தாள். முதலில் எங்கள் கொய்யா மரம், பிறகு வானம். அப்புறம் குழாயைத் தன் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் திறந்து கொட்டும் சத்தம் கேட்டது. பெரியப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் தினமும் கேட்கிற சத்தம்தான். நெய்வேலியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் இவ்வளவு நேரமா ஒரு மனுஷன் குளிப்பார் என்று அம்மாகூடச் சொல்வதுண்டு.

பெரியம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னா தெரியுது பெரியம்மா?”

“முருங்கை மரம் தெரியுது” என்று சொல்லிவிட்டுக் குழாயை என் கையில் கொடுத்தாள். எழுந்து போய்விட்டாள். கிண்ணம் தொட்டி விளிம்பிலேயே இருந்தது.

நான் உடனே கண்ணை வைத்துப் பார்த்தேன். திறந்த குழாய்க்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளியின் மேல் பெரியப்பா ஷிப்ட் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு ஈரம்கூட அவர்மேல் இல்லை. துண்டைச் சுருட்டி வாயில் வைத்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா பின்கதவு வழியாக வந்தாள். நேராகப் போய்க் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும், துண்டுக்குள் அடங்காத ஒரு சத்தம் சுவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது. அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியப்பா குளிக்கவேயில்லடா, சும்மா தண்ணியத் தொறந்து வுட்டுக்கினு...” என்று ஆரம்பித்தேன். அண்ணன் அட்டைக் குழாயைப் பிடுங்கிவிட்டான்.

கண்காட்சியன்று இருவரும் வந்தார்கள். போருக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சுரங்கங்களை எல்லாம் கடந்து நேராக எங்கள் மேசைக்கு வந்தார்கள். யாரிடமோ இரவல் வாங்கிய மீன்தொட்டியில் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்திருந்ததை முழுவதும் சொல்ல வேண்டாமென்று நினைத்தானோ என்னவோ, அண்ணன் ட்யூபை என்னிடம் நீட்டினான். பெரியப்பாவே “சொல்லுப்பா, எல்லாத்தையும் சொல்லு” என்றார்.

அவன் சொன்னான். இரண்டு உலகப் போரிலும் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி அடித்ததை, கோதுமையும் எண்ணெயும் கடலுக்கடியில் போனதால் பெரிய பெரிய நாடுகளே திண்டாடியதை, பிறகு சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போய்க் காவல் கப்பல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டதை. காவல் கப்பல் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அது நீர்மூழ்கியின் இரும்பில் பட்டுத் திரும்பி வந்தால் இடம் தெரிந்துவிடும்.

பெரியப்பா தொட்டியின் கண்ணாடியில் விரலை வைத்தார். “அப்ப நம்ம கப்பல்ல இருந்த பிள்ளையளுக்கு அது கேக்கலியோ?”

அண்ணன் என்னைப் பார்த்தான், பிறகு தண்ணீரைப் பார்த்தான். கடலில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருந்தால் ஒலி வளைந்து போய்விடும், நீர்மூழ்கி அந்தக் குளிர்ச்சிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்று படித்திருப்பதாகச் சொன்னான். அன்றைக்கு அங்கே எப்படி இருந்தது என்று தெரியவில்லை என்றான்.

“தேடத்தான் செஞ்சிருப்பாக, என்ன?”

“தேடத்தாங்க போனாங்க பெரியப்பா. நம்ம கப்பல் நீர்மூழ்கியத் தேடறதுக்குன்னே போனதுதான்.”

பெரியப்பா மெதுவாகத் தலையாட்டினார். பிள்ளையின் பெயரை ஒருமுறை சொன்னார், யாரிடமும் இல்லாமல். பெரியம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அவர்களை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. அண்ணன் வேண்டுமென்றே விட்டுவிட்ட ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அவன் படிக்கும்போது கேட்டிருக்கிறேன். நல்ல சேதி என்று நினைத்துத்தான் பெரியம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“பெரியம்மா, அவங்க நீர்மூழ்கி ஒண்ணும் அதே சண்டையில முழுவிப்போச்சு. நம்ம பக்கத்துக் கடல்லதான், விசாகப்பட்டினத்துக்கிட்ட. உள்ள இருந்தவங்க ஒத்தர்கூடப் பொழைக்கல.”

பெரியம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். “ஒருத்தருமா?” என்றாள்.

“ஒருத்தருமே இல்ல பெரியம்மா” என்று உற்சாகமாகச் சொன்னேன்.

அவள் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. பிள்ளையின் காரியத்தன்றுகூட எங்கள் முன்னால் அழாதவள், பள்ளிக்கூடத்து ஹாலில், அட்டைச் சுரங்கங்களுக்கு நடுவே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “அத்தனை பேரும் ஆரு பெத்த பிள்ளையளோ” என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. பெரியப்பா அவளை வெளியே அழைத்துப் போனார். எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. களிமண் சுரங்கத்துக்குக் கிடைத்தது.

அன்று முழுவதும் எனக்கு அது புரியவில்லை. அம்மாவிடம் சொன்னால், அவளும் திட்டாமல் என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஹாலில் ஒரே இரைச்சல். பெரியம்மா சரியாகக் காதில் வாங்கவில்லை. மூழ்கியது நம் நாட்டு நீர்மூழ்கி என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் முன்பு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெரியம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, நேத்து நான் சொன்னது நம்ம கப்பல் இல்ல. அவங்களோடது.”

அவள் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியும்ட்டி” என்றாள்.

அப்போதும் அவளுக்குச் சரியாக விளங்கவில்லை என்றே எனக்குப் பட்டது. பெல் அடித்துவிடும் என்பதால், பிறகு வந்து நிதானமாக விளக்கிச் சொல்லலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.