ஆறுமுகம் அண்ணன் ஆட்டோவில் ஏறிய கதை

வீடில்லாதவர்களைத் தேடிப் போய், பேசிப் பழகி, தங்குமிடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டி வருவது என் வேலை. தொண்டை வறளப் பேசுவது நான், முடிவெடுப்பது அவர்கள். காரைக்குடியில் நான்கு வருஷமாக இதே பிழைப்பு. என்னைப் போல வெயிலில் அலையும் சகாக்களே, உங்களுக்காவது இந்த வேலை பிடிபட்டதா?

ஆறுமுகம் அண்ணனை வைத்தே சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் கீழச்சிவல்பட்டி, நேமத்தான்பட்டி என்று கல்யாண வீடு கல்யாண வீடாகச் சமைத்தவர். இப்போது பஸ் ஸ்டாண்டின் பின்சுவரோரம் கிடக்கிறார். சர்க்கரை வியாதி, இடது காலில் புண். நான் எடுத்துப் போய்க் காட்டிய போட்டோவைப் பார்த்த டாக்டர், "இந்த மாசத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா காலையே எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

நிரந்தர முகவரி

எங்கள் படிவத்தில் இரண்டாவது கேள்வி, நிரந்தர முகவரி. வீடில்லாதவர்களுக்கான படிவத்தில் அதை எந்தப் புண்ணியவான் சேர்த்தானோ! முதல் நாள், பழக்கதோஷத்தில் என் வாய் அதையும் கேட்டுத் தொலைத்தது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்குட்டுத்தான் உக்காந்திருக்கேன். உங்க கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

சாம்பார் சாதம்

சோறு கொடுத்தால் பேச்சு வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தினமும் மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் பிரித்தார், மோந்தார், பக்கத்தில் படுத்திருந்தவரிடம் தள்ளிவிட்டார். நான் புண்ணைப் பற்றி வாயெடுத்தால் அவர் பெருங்காயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். ஆள் இளகிவிட்டார் என்று நினைத்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன்.

"மொதல்ல இதச் சமைச்ச ஆளக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு நாக்கு செத்துப்போச்சு."

டீ

எதிர்ப்பக்க டீக்கடைக்குக் காலையில் உட்கார்ந்தபடியே இஞ்சி தட்டிக் கொடுப்பார் அண்ணன். அதற்குக் கூலி டீ. நான் போகும்போதெல்லாம் அந்த டீயை எனக்குச் சொல்வார். நானும், இப்பத்தான் குடிச்சேன் என்று தினமும் பொய் சொல்வேன். உதவி பெறுகிறவர்களிடம் எதையும் வாங்கக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. விதியைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு!

பதினெட்டு நாள் ஆயிற்று. புண் கறுத்து, நாற்றத்தில் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அன்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துவிட்டது. "நான் என்னண்ணே கெடுதல் செஞ்சேன், ஏன் என்னை நம்ப மாட்டேங்குறீக?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணன் மட்டும் நிதானமாகச் சொன்னார்.

"ஐநூறு எலைக்கு ஆக்கிப் போட்டவன் நான். ஏங்கிட்ட ஒரு வாய் டீ வாங்கிக் குடிக்க மாட்டீக, உங்க வண்டியில மட்டும் நான் ஏறணுமாக்கும்?"

துணை

விதியாவது ஒன்றாவது! குடித்தேன். இன்னொரு டீ சொன்னார், அதையும் குடித்தேன். நான் கிளாஸைக் கீழே வைத்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டித் தானே எங்கள் அலுவலக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் பதினெட்டு நாள் நான் பேசின பேச்செல்லாம் எதற்கு? டீயா, என் அழுகையா, அவருடைய வலியா, எது அவரை ஏற்றியது? சத்தியமாகத் தெரியவில்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு விரலை எடுக்க வேண்டும், கால் தப்பிவிடும் என்றார். அதைக் கேட்டு மறுபடியும் அழுதேன். சந்தோஷத்திலா பயத்திலா, அதுவும் தெரியவில்லை. நர்ஸ் அண்ணனிடம், "கூட வந்திருக்கது யாரு, மகளா?" என்று கேட்டார்.

"மகளெல்லாம் இல்லத்தா. காலைல இருந்து அழுதுக்கிட்டே இருக்கு, தனியா விட மனசில்ல. நாந்தான் இதுக்குத் துணைக்கு வந்திருக்கேன்."

ஆலோசகர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கிறார்கள். அதை யார் கழுத்தில் மாட்டுவது என்பதில்தான் எனக்கு இன்னும் குழப்பம்.